காட்டேரிக்குக் கோரைப்பல்

அத்தியாயம் 14

கணவன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் சண்முகவள்ளி எழுந்து உள்ளே போனதோடு போன வாரம் நின்றோம். ராமசுப்பிரமணியன் கேட்டது ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று அவனே நினைத்துக்கொண்டிருந்தான்.

"வெள்ளிக்கிழமை உனக்குக் காட்டேரிப் படையல் போடுகிறார்களே, அதை நானும் எங்கள் பேராசிரியரும் தூரத்தில் மறைந்து நின்று பார்த்துக்கொள்ளட்டுமா?"

இப்படிக் கேட்கக் கூடாது என்பது சண்முகவள்ளி பிறந்த வேப்பங்கண்மாயில் கோவணம் கட்டத் தெரிந்த எவனுக்கும் தெரியும். எம்.ஏ. படித்தவனுக்குத் தெரியவில்லை.

காட்டேரி ரத்தம் குடிப்பவள். வயிற்றுப் பிள்ளையின் ரத்தத்தின் மேல் அவளுக்குத் தனி ஆசை. அதனால் சூலிப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு பெண்கள் மட்டும் ஊருக்கு வெளியே போவார்கள். கருங்கோழியும் கருவாடும் முருங்கைக்கீரையும் ஆக்கிப் படைத்து, "இதைத் தின்னுட்டுப் போ தாயி, அதை விட்டுரு" என்று பேசி அனுப்புவார்கள். ஆண் கண் படக் கூடாது. பட்டால் அவள் தின்னாமல் எழுந்துவிடுவாள். பசியோடு எழுந்தவள் அடுத்து எங்கே போவாள் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

சண்முகவள்ளிக்கு இது இரண்டாவது சூல். முதல் பிள்ளை போன வருஷம் பட்டணத்தில் எட்டாம் மாதத்தில் அழாமலே பிறந்து அழாமலே போனது. அப்போது படையல் போடவில்லை. பட்டணத்தில் காட்டேரிக்கு இலை போட எங்கே இடம் இருக்கிறது? இந்தத் தடவை ராமநாதபுரம் லேடி டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து டானிக்கை வேளை தவறாமல் குடித்தாள். படையலும் தவறக் கூடாது என்று இருந்தாள். இரண்டில் எது காப்பாற்றினாலும் அவளுக்குச் சம்மதம்.

ராமசுப்பிரமணியன் கெட்டவன் இல்லை. கல்லூரிக்காரன், அவ்வளவுதான். ரத்தம் குடிக்கும் ஆவிகளைப் பற்றிச் சில வருஷங்களாக ஆராய்ச்சி செய்துவருகிறான். ஹங்கேரியில் எந்தக் கல்லறையில் எந்தப் பிணம் எழுந்து உட்கார்ந்தது என்று கேட்டால் சொல்வான். சாயல்குடிக்கு எந்த பஸ்ஸில் ஏறுவது என்று கேட்டால் முழிப்பான். துறையில் ஒரு விரிவுரையாளர் வேலை காலியாக இருந்தது. அது பேராசிரியர் சாரநாதனின் வாயசைவில் இருந்தது. சாரநாதனோ, உயிருள்ள சடங்கு ஒன்றைத் தம் கண்ணால் பார்த்தால்தான் வாயை அசைப்பேன் என்று சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை பேராசிரியர் வந்து இறங்கினார்.

ராமநாதபுரம் ஸ்டேஷனிலிருந்து வாடகைக் காரில் வந்தவரைச் சண்முகவள்ளியின் அய்யா நாகநாதன் ஊர் எல்லையிலேயே ரோஜா மாலையோடு எதிர்கொண்டார். மிளகாயும் பருத்தியும் போட்டு மேலே வந்தவர் நாகநாதன். வீட்டில் புதிதாக ஒரு சோபா வாங்கிப் போட்டிருந்தார். அதில் உட்காரத் தகுதியான ஆள் இதுவரை யாரும் வராததால் அது துணி போர்த்தியே கிடந்தது. இன்று துணியை எடுத்தார்கள்.

பேராசிரியர் ஓநாய் மனிதர்களையும் ரத்தம் உறிஞ்சும் பிணங்களையும் பற்றி இங்கிலீஷில் தலையணை கனத்துக்கு ஒரு நூல் எழுதியவர். அதை முழுக்கப் படித்தவர் அச்சுக்கோத்தவர் ஒருவரே என்று துறையில் பேச்சு. அவரும் மூன்றாம் அதிகாரத்தில் கண்ணயர்ந்தாராம்.

சோபாவில் அமர்ந்த கையோடு ஆராய்ச்சியைத் தொடங்கினார்.

"உங்கள் பகுதியில் மனிதன் ஓநாயாக மாறுவதாக நம்பிக்கை உண்டா?"

"ஓநாய் நம்ம பக்கம் கெடையாதுங்க. நரி உண்டு," என்றார் நாகநாதன்.

"நல்லது. மனிதன் நரியாக மாறுவது?"

"பஞ்சாயத்து எலெக்சன் வந்தா மாறுவாங்ய. ஆனா முடிஞ்ச பெறகு பழையபடிக்கு மாற மாட்டாங்ய."

பேராசிரியர் சிரிக்கவில்லை. 'பழைய உருவத்துக்குத் திரும்புவதில்லை. ஐரோப்பிய வழக்கிலிருந்து முக்கியமான வேறுபாடு' என்று குறித்துக்கொண்டார். காப்பி கொண்டுவந்த சண்முகவள்ளிக்குச் சிரிப்பு முட்டியது. டம்ளரை வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடிவிட்டாள்.

கொல்லையில் வேறொரு சிரிப்பு காத்திருந்தது. தொழுவத்து நிழலில் பொன்னுச்சாமி, அவள் அய்யாவின் கறுப்புக் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். உள்பக்கம் சிவப்புத் துணி வைத்துத் தைத்திருந்தது. வாயில் என்னவோ துருத்திக்கொண்டிருந்தது. பொன்னுச்சாமி நாகநாதனின் வயலில் ஏர் ஓட்டுகிறவன். திருவிழா நாடகத்தில் எந்த வேஷமும் கட்டுவான்.

"என்னண்ணே, வாயில என்ன?"

அவன் ஏதோ சொன்னான். ஒன்றும் புரியவில்லை. பிறகு வாய்க்குள் விரலை விட்டு இரண்டு நீளப் பற்களைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். மாரியூர்க் கடற்கரையில் பொறுக்கிய சங்குத் துண்டில் அரம் போட்டுத் தேய்த்துச் செய்தவை. வெயிலில் பளபளத்தன.

"காட்டேரி வேசம் தாயி. சாயங்காலம் களத்துல ஆடணுமாம். அய்யா சொன்னாக."

"காட்டேரிக்கு எப்பண்ணே கோரைப்பல்லு மொளைச்சுது?"

"போன செவ்வாக்கெழமை."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சாயல்குடி டூரிங் டாக்கீஸில் ஒரு வெள்ளைக்காரப் படம் ஓடிக்கொண்டிருந்தது. கர்ப்பிணிகளும் நெஞ்சு பலவீனம் உள்ளவர்களும் வர வேண்டாம் என்று தப்பட்டை அடித்து நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். அதனாலேயே சுற்றுவட்டாரத்தில் வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். செவ்வாய்க்கிழமை நாகநாதன் பொன்னுச்சாமியைத் தம் செலவில் அனுப்பி வைத்தார்.

"நம்ம காட்டேரிக்கு உருவமே கெடையாதுல்ல தாயி. இல்லாததுக்கு எப்பிடி வேசம் கட்டுறது? அந்தப் படத்துத் தொரையப் பாக்கணும் நீ. கம்பளிய ரெண்டு கையிலயும் விரிச்சுக்கிட்டு வவ்வாலு கணக்கா வாரான். கழுத்துல வாய வைக்கிறான். எனக்கே அவன் மேல பாவமாப் போச்சு, பசிதான பாவம்."

சண்முகவள்ளி சமையற்கட்டுக்குப் போனபோது அவள் அம்மா பாண்டியம்மாள் கருவாட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அய்யா பண்றது உனக்குத் தெரியுமா?"

"தெரியும். 'பேயைப் பாக்கணும்னு அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்திருக்காரு, வெறுங்கையோட அனுப்புனா வீட்டுக்கு மரியாதையா'ன்னு கேட்டாரு. கறிக்கொழம்பு கேட்டு வந்தவருக்குக் கறிக்கொழம்பு, பேய் கேட்டு வந்தவருக்குப் பேய். ஒங்கய்யாவுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"நீ வேண்டாம்னு சொல்லலையா?"

"எதுக்குச் சொல்லணும்? ஊரு ஆம்பளைக அம்புட்டுப் பேரும் களத்துலதான் நிப்பாக. உறுமி மேளம் கேட்டதும் நாம பின்கதவு வழியாப் போயிருவோம். இம்புட்டு வசதியா எனக்கு யாரும் வழி விட்டதில்ல." பாண்டியம்மாள் கருவாட்டை உதறினாள். "ஒம் மாப்பிள்ளையத்தான் நெனைச்சாப் பயமா இருக்கு. அவரு களத்துல நிப்பாரா?"

அந்தப் பயம் சண்முகவள்ளிக்கு வாரம் முழுக்கவே இருந்தது. ராத்திரி வயிற்றில் கை வைத்துப் படுப்பாள். அசைவு தட்டுப்பட்டால் தூங்குவாள். தட்டுப்படாவிட்டால் தட்டுப்படும்வரை விழித்திருப்பாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ராமசுப்பிரமணியன் மச்சுக்கு ஏறி வந்தான். வயிற்றுவலிக்காரன் முகம். வந்தவன் ஒரு கனைப்புக் கனைத்தான். எதையாவது கேட்குமுன் கனைப்பது அவன் வழக்கம்.

"எந்தப் பக்கமாகப் போவீர்கள் என்று மட்டும் சொல், வள்ளி."

"சொன்னா?"

அவன் தூணைச் சுரண்டினான்.

"போன வருசம் ஆஸ்பத்திரியில நான் உள்ள கெடந்தேன்," என்றாள். அவள் குரல் உயரவில்லை. "நர்சம்மா சொன்னாக, ஒங்க வீட்டுக்காரர் வராந்தாவுல புஸ்தகம் படிச்சுக்கிட்டு இருக்காருன்னு. நான் ஒங்கள ஒரு வார்த்தை கேக்கல. இன்னைக்கு வரைக்கும் கேக்கல."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"ஒரே பக்கம்தான் வள்ளி. விடியும் வரைக்கும் அந்த ஒரு பக்கம்தான் பிரித்து வைத்திருந்தேன். என்ன பக்கம் என்று இன்று கேட்டாலும் தெரியாது."

ஒரு வருஷமாக அவன் இதைச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் இரண்டு பேருக்கும் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். ஆவிகளைப் பற்றி அத்தனை மொழியில் படித்தவனுக்கு இதைச் சொல்ல ஒரு மொழி கிடைக்கவில்லை. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கீழேயிருந்து நாகநாதன், "மாப்பிளே, சார் கூப்புடுறாரு" என்றார். அவன் இறங்கிப் போனான். எந்தப் பக்கமாகப் போவார்கள் என்று அவள் சொல்லவில்லை. வர மாட்டேன் என்று அவனும் சொல்லவில்லை.

வெயில் இறங்கியதும் களத்தில் கூட்டம் கூடியது. பேராசிரியருக்காகச் சோபாவை நாலு பேர் தூக்கிக்கொண்டு போய்க் களத்து நடுவில் போட்டார்கள். மிளகாய் காய வைக்கிற களம். உட்கார்ந்ததும் அவர் தும்மத் தொடங்கினார். உறுமி உறுமியது. வைக்கோற்போருக்குப் பின்னாலிருந்து பொன்னுச்சாமி கம்பளியை விரித்துக்கொண்டு பாய்ந்து வந்தான். சங்குப் பல் மின்னியது. படம் பார்த்திருந்த இளவட்டங்கள் அவனை அடையாளம் கண்டு விசிலடித்தார்கள். பேராசிரியர் அதையும் சடங்கின் ஓர் அங்கம் என்று குறித்துக்கொண்டார்.

மச்சு ஜன்னலில் சண்முகவள்ளி பார்த்தது அவ்வளவுதான். அவள் கண் தேடியது ஒரு வெள்ளைச் சட்டையை. அது சோபாவுக்குப் பின்னால் நின்றது. அம்மா கீழிருந்து மெல்லக் கூப்பிட்டாள். கறுப்புச் சேலையைச் சுற்றிக்கொண்டு இறங்கினாள்.

பருத்திக்காட்டைத் தாண்டினால் ஊருணி, அதன் கரையில் பனங்காடு. படையல் போடுகிற ராக்கு முன்னமே போய் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டியிருந்தாள். ஊரில் பாதிப் பிள்ளைகளை இவள்தான் காட்டேரியிடம் பேசி வாங்கிக் கொடுத்தவள். கோழி வெந்தது. இலை போட்டார்கள். சண்முகவள்ளியைக் கிழக்கே பார்த்து உட்கார வைத்தார்கள்.

ராக்கு மந்திரம் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரிதான் பேசினாள்.

"வந்தியா? உக்காரு. கருவாடு நல்ல கருவாடு, தேவிபட்டினத்துல இருந்து வாங்கியாந்தது. போன தடவை இந்தப் புள்ளைக்கு ஒனக்கு எலை போடல, தப்புதான். பட்டணத்துல இருந்துச்சு, என்ன பண்ணும்? அதுக்கும் சேத்து இன்னைக்குத் தின்னுட்டுப் போ. வயித்தப் பாக்காத, எலையப் பாரு."

அந்த நேரத்தில் ஒரு கனைப்புக் கேட்டது.

எத்தனை பேர் நடுவிலும் சண்முகவள்ளிக்குத் தெரிகிற கனைப்பு. பருத்திக்காட்டு ஓரத்தில், இரண்டு பனைக்கு நடுவே, வெள்ளைச் சட்டை தெரிந்தது. சோறு அள்ளிய ராக்குவின் கை இலைக்கு மேலே அப்படியே நின்றுவிட்டது.

"யாருடி அது? ஆம்பளையா?"

சண்முகவள்ளி வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். இப்போது அவன் முகத்தை மட்டும் பார்த்துவிட்டால் அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தோன்றியது. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. பார்த்தாள்.

சட்டையில் ஒரு தையல் தெரிந்தது. பஸ் ஆணியில் மாட்டிக் கிழிந்ததை அவளே தைத்தது. வெள்ளை நூல் தீர்ந்துபோய் நீல நூலில் தைத்துவிட்டு, பின்பக்கம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று சொல்லியிருந்தாள்.

பின்பக்கம்.

"முதுகு, ராக்கு," என்றாள். மூச்சு அப்போதுதான் வந்தது. "முதுகுதான் தெரியுது."

அவன் ஊரைப் பார்த்து நின்றான். காலை அகட்டி, கையைப் பின்னால் கட்டி, களத்திலிருந்து வருகிற பாதையை அடைத்துக்கொண்டு நின்றான். சில வருஷ ஆராய்ச்சி அவன் முதுகுக்குப் பின்னால் இலையில் ஆவி பறக்கக் கிடந்தது. அவன் திரும்பவில்லை. 'நான்தான், பயப்படாதே' என்று சொல்ல வழி தெரியாமல்தான் கனைத்திருக்கிறான்.

ராக்கு கொஞ்ச நேரம் யோசித்தாள். இது அவளுக்கும் புதிய வழக்கு.

"கண்ணுதான ஆகாது. முதுகுல ஏது கண்ணு? சரி, நிக்கட்டும்," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சோற்றை இலையில் வைத்தாள். பிறகு காணாதவளைப் பார்த்துச் சொன்னாள்: "அது நம்ம வீட்டுக் காவலு. நீ தின்னு."

படைத்ததை அங்கேயே தின்று தீர்க்க வேண்டும். ஒரு பருக்கைகூட வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது. மூன்று பேரும் தின்றார்கள். அவனுக்கு ஒரு கவளம் கொடுக்க வழியில்லையே என்று சண்முகவள்ளிக்கு இருந்தது. காலையிலிருந்து அவன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

தின்று முடித்து எழுந்தால் வீடு போய்ச் சேரும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது. அம்மாவும் ராக்குவும் கொஞ்சம் பின்தங்கினார்கள். வேண்டுமென்றே பின்தங்கினார்கள். அவன் முன்னால் நடந்தான், அவள் பின்னால். எதிரே நீலத் தையல் போய்க்கொண்டிருந்தது.

"பேசலாமா?" என்றான் அவன், முகத்தைத் திருப்பாமல்.

"பேசலாம். திரும்பக் கூடாது."

"மாமா ஆட்டத்தைப் பிரமாதமாக நடத்தினார். சாருக்குத் தலைகால் புரியவில்லை. சங்குப் பல்லைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இது ரோமாபுரி வாணிகத்தோடு இந்தக் கரைக்கு வந்த வழக்கமாக இருக்கலாம் என்கிறார். ஐரோப்பாவுக்கும் நமக்கும் ஒரே காட்டேரிதானாம். பல்லே சாட்சியாம்."

"பொன்னுச்சாமியண்ணே ஒண்ணும் சொல்லலையா?"

"வாயில் பல் இருந்ததே, எப்படிச் சொல்வான்?"

அவள் சிரித்தாள். அவன் தோளும் குலுங்கியது. பிறகு குலுக்கம் நின்றது.

"அப்புறம்தான் சார் கேட்டார், கர்ப்பிணி எங்கே என்று. மாமா பெருமையில் உளறிவிட்டார். அதெல்லாம் பொம்பளைக சமாசாரம், பனங்காட்டுல நடக்குது என்று. சார் உடனே எழுந்துவிட்டார் வள்ளி. சத்தம் வரக் கூடாதென்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். வா, மறைந்து நின்று பார்ப்போம் என்றார்."

"நீங்க என்ன சொன்னீக?"

"அங்கே ஒன்றுமில்லை சார், நீங்கள் பார்த்ததுதான் முழுச் சடங்கு, நான் உறுதி சொல்கிறேன் என்றேன். எழுத்தில் தருவாயா என்றார். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வேலை கிடைத்த மாதிரிதான். தலைநகரத்தில் ஒரு மாநாடு. அதில் அந்தப் பல்லைக் காட்டி அவர் பேசப் போகிறார். என் பெயரையும் சேர்த்துச் சொல்வாராம்."

உண்மையைத் தவிர வேறெதையும் எழுத மாட்டேன் என்று மார்தட்டியவன். அவன் வாழ்க்கையில் எழுதிய முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும். அதை எதற்காக எழுதினான் என்பது அவள் வயிற்றில் இருந்தது.

"ஒதைச்சுச்சு," என்றாள்.

அவன் நின்றுவிட்டான். திரும்பவில்லை. "எப்போது?"

"நீங்க கனைச்சப்ப."

அவன் கையைப் பின்னால் நீட்டினான். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே நடந்தார்கள். பார்க்கத்தான் கூடாது. பிடிக்கக் கூடாது என்று ராக்கு சொல்லவில்லை.

பாதை வண்டித்தடத்தைத் தொடுகிற இடத்தில் ஹாரன் சத்தம் கேட்டது. காலையில் பேராசிரியரைக் கொண்டுவந்த அதே கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு எதிரே வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து நாகநாதன் தலையை நீட்டினார். பட்டுச் சால்வை போட்டிருந்தார். பின்சீட்டில் பேராசிரியர், மடியில் கைக்குட்டை விரித்து, அதில் சங்குப் பற்களைப் பிள்ளை மாதிரி கிடத்தியிருந்தார்.

"மாப்பிளே, நீங்க வீட்டுல இருந்து வள்ளியப் பாத்துக்கங்க. சாரு எழுதி எழுதிக் களைச்சுப் போயிட்டாரு. சாயல்குடி டாக்கீஸுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வாரேன். இங்கிலீசுப் படம். ரத்தம் குடிக்கிற படமாம், சாரு பாடத்துக்குத் தோதாத்தான இருக்கும்? நமக்குன்னு சேரு போடச் சொல்லியிருக்கேன்."

ராமசுப்பிரமணியன் வாயைத் திறந்தான். சத்தம் வருவதற்குள் கார் கிளம்பி அவர்களைத் தாண்டிப் பின்னால் போய்விட்டது.

திரையில் அதே கம்பளியும் அதே கோரைப்பல்லும் வரும்போது, அவன் எழுதிக் கொடுத்த காகிதமும் பேராசிரியரின் பையில் இருக்கும். கார் கண்மாய்க் கரையைச் சுற்றிக்கொண்டுதான் ரோட்டைப் பிடிக்க வேண்டும். இப்போதே திரும்பி வயலுக்குக் குறுக்கே ஓடினால் மறித்துவிடலாம். மறித்து என்ன சொல்வது என்பது வேறு விஷயம். அவன் கால் ஒரு பக்கம் திரும்பத் துடித்தது அவளுக்குக் கை வழியாகத் தெரிந்தது.

திரும்பினால் அவன் கண்ணில் முதலில் படுவது அவள் வயிறு. அதற்கும் பின்னால் பனங்காடு. இலை அங்கே இன்னும் கிடக்கிறது.

சண்முகவள்ளி பிடியை இறுக்கவில்லை. தளர்த்தவும் இல்லை.

பின்னால் ஹாரன் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. கொஞ்ச நேரம் நின்ற நீலத் தையல், வீட்டைப் பார்த்து மெல்ல நடக்க ஆரம்பித்தது.